கன்னி மூலை வாடகைக்கு இல்லை

எங்கள் ஊர் மெயின் ரோட்டில் கட்டடம் வைத்திருப்பவர் யாராவது, மாடிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று என்னிடம் வந்து புலம்பினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆபீஸ் போட ஒருத்தரும் வருவதில்லையாம். வந்தவனும் ஒரு வருஷம்கூடத் தங்குவதில்லையாம். கோவில்பட்டி வளரவே இல்லையாம். வளரவிட்டீர்களா ஐயா? வெளிச்சமான அறையை எல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு இருட்டறைக்கு ஆள் தேடினால் எவன் வருவான்? இதை நேராகவே பலரிடம் கேட்டிருக்கிறேன். டீச்சருக்குக் கோபம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ரோட்டில் ஒரு மாடி அறையில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினேன். அப்போதெல்லாம் மாடியில் ஆபீஸ் அறை கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கட்டடங்களே குறைவு. கீழே கடைகள் இருக்கும். மேலே ஒரு வக்கீல், ஒரு ஆடிட்டர், ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் என்று ஆளுக்கொரு அறையில் இருப்போம். ஒருவர் காலி செய்யப் போகிறார் என்ற பேச்சு டீக்கடைக்கு வருவதற்குள் இன்னொருவர் அட்வான்ஸோடு போய் நிற்பார். வாடகையும் கூடக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் கழிந்து கொஞ்சம் கூட்டிக் கேட்பார்கள், நாங்களும் கொஞ்சம் முனகிவிட்டுக் கொடுப்போம்.

எங்கள் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளி. எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள், தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சி. வாடகை ஒரு வாரம் தள்ளிப்போனால் ஆள் அனுப்ப மாட்டார். என் அறையில் மின்விசிறி பழுதானபோது தன் ஆளையே அனுப்பிச் சரிசெய்து கொடுத்தவர். கெட்ட மனுஷர் இல்லை என்பதால்தான் என் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. கெட்டவன் செய்திருந்தால் அவன் புத்தி அவ்வளவுதான் என்று தலைமுழுகியிருப்பேன்.

கட்டடம் மேற்கே ரோட்டைப் பார்த்தது. என் அறை தென்மேற்கு மூலையில், ரோட்டின் மேலேயே இருந்தது. மதியத்துக்கு மேல் வெயில் உள்ளே வந்து கொளுத்தும். ஆனால் அந்த அறையின் ஜன்னல்கள்தான் என் பிழைப்பு. எதிரே விளாத்திகுளம் போகும் பஸ் நிற்கும் இடம். அங்கே நின்று தலையை நிமிர்த்தினால் ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற பிள்ளைகளின் தலை தெரியும், மெஷின் சத்தமும் கேட்கும்.

இதன் அருமை எனக்கே முதலில் தெரியாது. ஒரு நாள் நாகலாபுரத்திலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மிளகாயும் பருத்தியும் போடுகிற மானாவாரி சம்சாரி. பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். அவர் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கவில்லை. எத்தனை மாதத்தில் பாஸாகலாம் என்றும் கேட்கவில்லை. மகளை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார். ரோட்டைத் தாண்டி பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்று மேலே பார்த்தார். பிறகு திரும்பி மாடியேறி வந்தார்.

"அங்கன இருந்து பாத்தா பிள்ளை தெரியல டீச்சர். அந்த ஜன்னல் பக்கத்து மெஷினக் குடுப்பீயளா?"

கொடுத்தேன். அன்றிலிருந்து என் இன்ஸ்டிட்யூட்டில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஜன்னலோர மெஷின்கள் தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு. குளத்தூரிலிருந்து வருகிறவளுக்கு ஒன்று, விளாத்திகுளத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு, நாகலாபுரத்துப் பெண்ணுக்கு ஒன்று. உள்ளூர்ப் பிள்ளைகள் சுவர்ப்பக்கம் உட்காருவார்கள். அப்பாமார்கள் வத்தல் மூட்டையோடு மண்டிக்கு வருகிற நாளில் எதிரே நின்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். மேலே வர மாட்டார்கள், கூப்பிடவும் மாட்டார்கள். பார்த்தால் போதும் அவர்களுக்கு. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு. பெண் பிள்ளை படிக்கப் போனால் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பலகாரம்போல் வைத்துக் காட்ட வேண்டுமா? ஆனால் அப்படிக் காட்டினால்தான் அனுப்புவார்கள் என்றால் காட்டிவிட்டுப் போகிறேன் என்று இருந்தேன்.

நாகலாபுரத்துப் பெண்ணுக்குக் கை அப்படி ஓடியது. வந்த புதிதில் மெஷினைத் தொடவே பயந்தவள், லோயர் பரீட்சையில் முதல் வகுப்பில் பாஸானாள். ஹையர் எழுதத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஹையர் பாஸாகிவிட்டால் கோர்ட்டிலோ தாலுகா ஆபீஸிலோ வேலைக்கு எழுதிப் போடலாம், தேர்வாணையப் பரீட்சையும் எழுதலாம். அவள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் சம்பளத்துக்கு மேஜை முன்னால் உட்கார்ந்ததில்லை. அவளுக்கு அந்த ஆசை இருந்தது, எனக்கு அவளைவிட அதிகமாகவே இருந்தது.

அப்போதுதான் வாஸ்து வந்து தொலைந்தது.

அந்த வருஷங்களில் ஊரெங்கும் அதுதான் பேச்சு. கிணற்றை மூடுகிறவர்கள், வாசலை இடித்து வேறு பக்கம் வைக்கிறவர்கள், நன்றாக இருக்கிற சமையலறையில் கக்கூஸ் கட்டுகிறவர்கள் என்று ஊரே கடப்பாரையும் கையுமாக இருந்தது. அண்ணாச்சிக்கும் அந்த வருஷம் நேரம் சரியில்லை. வடக்கே அனுப்பிய சரக்கு மழையில் நனைந்து திரும்பி வந்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்கு ஆளும் குறைந்துகொண்டே போனது. லாரிக்காரன் தார்ப்பாய் ஒழுங்காகக் கட்டினானா, கொடுக்கிற கூலி போதுமா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, மதுரையிலிருந்து ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார்.

அவர் திசைகாட்டியோடு என் அறைக்குள் வந்தார். பிள்ளைகள் எல்லோரும் தட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அறை நடுவில் நின்று திசை பார்த்தவர், என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"இது கன்னி மூலை" என்றார் அண்ணாச்சியிடம். "தென்மேற்கு. உடையவன் மட்டும்தான் இருக்கணும். இதை வாடகைக்கு விட்டா, இருக்கிறவங்க கை ஓங்கும், உங்க கை இறங்கும். இவங்க எப்ப வந்தாங்க?"

அண்ணாச்சி சொன்னார்.

"வந்த பிறகு மெஷின் கூட்டினாங்களா?"

கூட்டியிருந்தேன். இரண்டு பழைய மெஷின் வாங்கிப் போட்டிருந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னால் மறக்க முடியாது. அவருடைய கல்லாவில் நான் கை வைத்துவிட்டதுபோல் பார்த்தார். அவர் சரக்கு எங்கோ மழையில் நனைந்ததற்கு, இங்கே நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வாங்கிய இரண்டு மெஷின் காரணமாம்!

மறுநாள் அண்ணாச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒங்கள வெளிய போகச் சொல்லல. பின்னால தென்கிழக்கு ரூம் இருக்குல்லா, அது அக்கினி மூலை. மெஷினுக்கு அதான் நல்லதுன்னு அவரு சொல்லுதாரு. வாடகையும் கொறைச்சுக்கிடுதேன்."

"அந்த ரூமுல ஜன்னலத் தொறந்தா ஓட்டல் பின்கட்டுல்லா தெரியுது அண்ணாச்சி. ஆம்பளைய வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏனம் கழுவுதாங்க. என் பிள்ளையள அங்கன எப்படி உக்கார வைப்பேன்?"

"சேலைத் துணியத் தைச்சுத் தொங்கவிடுங்க."

"துணி போட்டா வெளிச்சம் வேண்டாமா? ரோட்டுல இருந்து தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சு என்ன ஆவப் போவுது?"

நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அப்பாமார்கள் எதிரே நின்று பார்ப்பது, ஜன்னலோர மெஷின், நாகலாபுரத்துப் பெண்ணின் ஹையர் பரீட்சை எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அதுக்கு நான் என்ன செய்ய டீச்சர்?" என்றார்.

வாடகையைக் கூட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். வாடகை எவ்வளவு வந்தாலும் கன்னி மூலையிலிருந்து வரக் கூடாதாம். சரி, உங்கள் மேஜை நாற்காலியைக் கொண்டுவந்து அந்த மூலையில் போட்டுக்கொள்ளுங்கள், சுற்றி நாங்கள் உட்கார்ந்துகொள்கிறோம் என்றேன். அதுவும் ஆகாது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"வாடகை வாங்குறதுதான குத்தம்? அப்ப வாங்காதீங்க. நான் சும்மா இருந்துக்கிடுதேன்" என்றேன்.

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையும் சிரித்தார். டீச்சர் பேச்சு வக்கீல் பேச்சு என்று காபி வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் அறையைக் கொடுக்கவில்லை.

வேறு கட்டடம் பார்க்கலாம் என்று புரோக்கரிடம் போனேன். அப்போதுதான் ஊருக்குக் கிறுக்கு எவ்வளவு முற்றிப்போயிருக்கிறது என்று தெரிந்தது. அண்ணாச்சி கன்னி மூலையை எடுத்துக்கொண்டார் என்ற சேதி ரோடு முழுக்கப் பரவி, அடுத்தடுத்த கட்டடக்காரர்களும் அந்த மூலையைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆடிட்டர் பெட்டி பெட்டியாகக் கணக்குக் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். பல வருஷம் ஒரே இடத்தில் இருந்த வக்கீல், கட்சிக்காரர்கள் வழி தெரியாமல் அலைகிறார்கள் என்று திட்டித் தீர்த்தார். புதிதாகக் கட்டுகிற காம்ப்ளக்ஸ்களில் பிளான் போடும்போதே அந்த மூலை முதலாளிக்கு என்று குறித்துவிட்டார்கள்.

"ரூமு இருக்கு டீச்சர், ஆனா இல்ல" என்றார் புரோக்கர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சந்தை எப்படிக் கெடும் என்று எனக்குப் படித்துத் தெரியாது, கண்ணால் பார்த்துத் தெரியும். எங்கள் ரோடு மேற்கே பார்த்த வரிசை. அந்த வரிசையில் தென்மேற்கு மூலை என்றால் ரோட்டோர அறை, வெளிச்சமான அறை, போர்டு வைத்தால் தெரிகிற அறை. அதை எல்லோரும் பூட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த அறைகளுக்கு அடிதடி. வாடகை கிடுகிடுவென்று ஏறியது. ஏறாதா? ஆனால் முதலாளிகள் அதற்குச் சொன்ன காரணம்தான் வயிற்றெரிச்சல். கன்னி மூலையை எடுத்துக்கொண்டதால் கட்டடத்துக்கு யோகம் வந்து வாடகை ஏறிவிட்டதாம்! நல்ல சரக்கை ஒளித்துவைத்துவிட்டு விலை ஏறியதும் சாமி கொடுத்தது என்றார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கடன் வாங்கிக் காம்ப்ளக்ஸ் கட்டினார்கள். அவர்களும் மூலையைப் பூட்டினார்கள். நூற்றாண்டு திரும்பியபோது எட்டயபுரம் ரோடு வரைக்கும் மாடி மாடியாக 'வாடகைக்கு விடப்படும்' தொங்கியது. செல்போன் கம்பெனிக்காரர்களும் இன்ஷூரன்ஸ்காரர்களும் காரில் வந்து இறங்கி, ரோட்டோர மூலை அறையைத்தான் கேட்டார்கள். இல்லை என்றதும் திருநெல்வேலிக்குப் போய்விட்டார்கள். அப்போதும் வாடகையைக் குறைக்கவில்லை. குறைத்தால் முதலாளிக்குக் கையில் சுருக்கம் என்று ஊர் பேசும், பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அண்ணாச்சி மாறச் சொன்ன அந்த மாதம் எனக்கு வேறு போக்கிடமில்லாமல் பின்னால் இருந்த அறைக்குப் போனேன். பகலிலும் ட்யூப்லைட் போட வேண்டும். ஓட்டல் அடுப்புப் புகை மெஷின் மேல் பிசுபிசுவென்று படியும். ரோட்டிலிருந்து படியேறி வந்தால், ஒரு துணி வியாபாரி குடோனாக வைத்திருந்த நீள நடையைத் தாண்டித்தான் என் அறைக்கு வர வேண்டும். அங்கே மூட்டை சுமக்கிறவர்கள் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் யாரும் ஒரு பிள்ளையையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, வழிவிட்டு எழுந்து நிற்பார்கள். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியுமா?

அந்த வாரமே நாகலாபுரத்துக்காரர் வந்தார். எதிரே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். ஜன்னல் சாத்தியிருந்தது. பதறிப்போய் மாடியேறி, மூட்டைகளுக்கு நடுவில் தட்டுத்தடுமாறி என் அறைக்கு வந்தார். மகள் உள்ளே தட்டிக்கொண்டிருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னல் துணியை விலக்கி ஓட்டல் பின்கட்டைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். "சரி டீச்சர்" என்றார். அன்றைக்கு மகளைத் தன்னோடு கூட்டிப் போனவர், மறுபடி அனுப்பவில்லை.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் பஸ் ஏறி நாகலாபுரம் போனேன். அவர் களத்தில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாங்க என்று எழுந்து வந்து, வீட்டுக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்தார். பெண் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"பரீச்சை வரைக்கும் மட்டும் அனுப்புங்க அண்ணே. நானே பஸ்ஸுல ஏத்தி விடுதேன்" என்றேன்.

"ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல டீச்சர்" என்றார் அவர். "ஊருல கேக்குதாவ. பிள்ளை டவுனுல எங்கன இருக்குன்னு. போனீங்கன்னா தெரியும், ஜன்னல்ல இருக்கும், பாத்துக்கிடுங்கன்னு சொல்லுவேன். நாலு பேரு போயிப் பாத்துட்டும் வந்திருக்காவ. இப்ப கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். கதவுக்குப் பின்னால் நின்றவள் நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "என் மெஷின்ல யாரு டீச்சர் அடிக்கா?" என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். குளத்தூர்ப் பெண்ணும் அந்த மாதத்தோடு நின்றுவிட்டாள். விளாத்திகுளத்துப் பிள்ளைகள் கொஞ்ச நாள் வந்தார்கள், பிறகு அவர்களும் இல்லை.

இந்தப் பக்கம் என் பழைய அறையில் அண்ணாச்சி ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு லட்சுமி படம் வைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ஆள் வந்து திறந்து, ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் பூட்டிக்கொண்டு போவான். அண்ணாச்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவருக்கு இருக்கவே இருக்கிறது தீப்பெட்டி ஆபீஸ். ஒரு ஊரின் நல்ல அறைகளில் எல்லாம் இப்படி ஒரு நாற்காலி உட்கார ஆளில்லாமல் கிடந்தது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பூட்டை உடைத்துவிடலாமா என்று இருக்கும்.

இரண்டு வருஷம் போல் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்து வாடகையும் கரண்டு பில்லும்தான் கட்ட முடிந்தது. என் வீட்டு முன்னறையிலேயே மெஷின்களைப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, அதைச் சொல்லிவிட்டு வர அண்ணாச்சியைத் தேடித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனேன். மனதுக்குள் நிறையத் திட்டு சேர்த்துவைத்திருந்தேன்.

அண்ணாச்சி அன்றைக்கு ஏக சந்தோஷத்தில் இருந்தார். காலி செய்கிறேன் என்றதைச் சரியாகக் காதில் வாங்கவே இல்லை.

"டீச்சர், நீங்க அன்னைக்கு அந்த வாஸ்துக்காரரப் பத்தி என்னமெல்லாம் பேசுனீங்க! வந்து பாருங்க. ஆளு இல்லாம ஆபீஸு கெடந்துதுல்லா? இப்ப வேன் விட்டிருக்கேன். விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைய வருது. வீட்டு வாசல்ல ஏத்தி வீட்டு வாசல்ல எறக்கி விடுதோம், பெத்தவங்க பயமில்லாம அனுப்புதாங்க. எல்லாம் அந்த மூலைய எடுத்த ராசி!"

கையைப் பிடிக்காத குறையாக என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து குச்சிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து நெடி மூக்கில் ஏறியது. அவர் ஒரு பெண்ணைக் காட்டினார்.

"அந்தா அந்தப் பிள்ளையப் பாருங்க. ரெண்டு ஆளு வேலை செய்யுது. குனிஞ்சுகூடப் பாக்காது, கை மட்டும் ஓடும். பத்து விரலும் ஓடுது பாருங்க! யாரு பழக்குனதோ!"

அவள்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்ததும் சட்டென்று கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான்தான் அண்ணாச்சி பழக்குனேன்" என்றேன். சேர்த்துவைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போயிற்றோ, அது ஒன்றுதான் வாயிலிருந்து வந்தது.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியா! அப்ப ஒண்ணு செய்யுங்க டீச்சர். இதே மாதிரி கை ஓடுற பிள்ளைய இன்னும் நாலு இருந்தா அனுப்பி வையுங்க."